துரைக்கு விட்ட துளை

தோழிகளே, நாம் எல்லாரும் மூட்டுக்குத் தைலமும் கண்ணுக்குக் கண்ணாடியும் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். நம் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று, பாடாமல் வாயை மட்டும் அசைத்தவர்கள் யார் யார் என்பது எனக்கு இன்னமும் நன்றாக நினைவிருக்கிறது. பயப்படாதீர்கள், அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது அந்த ஈஸ்டரைப் பற்றி. பெட்டி பாடாமல் போன ஈஸ்டர் என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும். அதைக் கெடுத்தது என் அக்காதான் என்று உங்கள் வீடுகளில் பேசிக்கொண்டார்கள், எங்கள் லயத்து வரிசை வீட்டுக் குழாயடியிலும் பேசிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து உண்மை என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் என் பங்கு கொஞ்சமல்ல.

முதலில் பியானோ வந்த கதை. தோட்டத்து மானேஜரான பெரிய துரை குடும்பத்தோடு வெளிநாடு போகப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியது, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தின் தொடக்கத்தில். பகலில் சுள்ளென்று வெயில், விடியலில் விரல் மடங்காத குளிர் என்று இருந்த மாதம் அது. துரையின் மனைவி, நாம் துரைசாணி என்று சொல்வோமே, அவர் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மட்டும் நம் கோயிலுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து போகிறவர். மகன் வாசித்த பியானோவைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில், சாக்கு சுற்றி, மேலே ஒரு ஆளையும் படுக்க வைத்து அதைக் கொண்டு வந்தார்கள். சாக்கைப் பிரித்ததும் பூச்சி உருண்டையும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. நனைந்த பாட்டுப் புத்தக வாசனையைத் தவிர வேறொன்றும் அறியாத நம் கோயிலில் அது ஒரு வாரம் தங்கியிருந்தது.

இன்று டிஜிட்டல் பியானோ என்கிறார்கள். நாம் அதைக் கரண்ட் பியானோ என்றோம். அதனுடன் ஒரு தட்டையான கறுப்புப் பெட்டியும் வந்தது. பியானோவையும் அதையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால், பியானோக் கட்டையை அழுத்தும்போது பெட்டியிலிருந்து பிடில் சத்தம் வரும். இன்னொரு பெட்டியும் உண்டு, அதைப் பங்களாவில் மகன் இன்னும் விடமாட்டேன் என்கிறான், புறப்படுகிற வாரம் தருவோம் என்று துரைசாணி சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. எனக்குப் பதினொன்று. அக்கா ஐயரம்மாவிடம், அதாவது நம் சபைப் போதகரான ஐயரின் மனைவியிடம், பழைய ஆர்மோனியத்தில் பழகினவள். அந்த ஆர்மோனியத்தின் துருத்தியில் எலி ஒரு பக்கம் கடித்து வைத்திருந்தது. மூன்று கட்டைகள் ஊமை. அந்த மூன்றையும் தாண்டித் தாண்டி வாசித்துப் பழகியதால், எல்லாக் கட்டையும் பேசுகிற புதுப் பியானோவிலும் அவள் விரல் அந்த மூன்று இடத்தைத் தாண்டியே போனது. ஐயரம்மா சிரித்துச் சிரித்து, "ஏம்மா, இதுல எல்லாருக்கும் வாய் இருக்கு, பயப்படாமத் தொடு" என்பார்.

அதைத் தொட அவளுக்கு அதிக நாள் இல்லை. ஈஸ்டர் கழிந்த வாரம் தோட்டத்தில் கொழுந்து பறிக்க அக்காவின் பேர் பதிய வேண்டும். பேர் பதிந்தால் மறுநாளே கூடை. அதற்கு முன்னால் ஒரே ஒரு வழி இருந்தது. ஈஸ்டர் ஆராதனைக்கு டவுனிலிருந்து பெரிய ஐயர் வருகிறார். அங்கே பெண்கள் பள்ளி விடுதியில் ஜெபத்துக்கு வாசிக்க ஒரு பிள்ளை வேண்டுமாம். தங்க இடம், படிப்பு, பிறகு சங்கீத டீச்சராகவும் ஆகலாம். நம் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் அம்மா கொடுத்த பலகையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். "பெரிய ஐயர் காதால கேக்கட்டும். அவரு கேட்டுட்டா நான் மத்ததப் பாத்துக்குறேன்." அம்மா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஐயர் போன பிறகுதான் அது ஆறி அவலாய்ப் போனது தெரிந்தது.

அந்த இன்னொரு பெட்டியைப் போடும் முறையைத் தெரிந்துகொண்டு வரச்சொல்லி ஐயர் ஒரு கடிதம் கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் பங்களாவுக்கு அனுப்பினார். பின்கட்டு வாசலில் நின்றோம். துரைசாணியே வந்து உள்ளே கூப்பிட்டார். மகனுக்கு அக்கா வயதுதான் இருக்கும். அவன் எங்களைப் பார்க்கவேயில்லை. ஒரு சின்ன வாசிப்புப் பலகையில் கட்டையை அழுத்தினான். மூலையில் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு கூட்டமே "ஆ..." என்று பாடியது. ஆணும் பெண்ணுமாக, மூச்சு விடாமல். அக்கா எட்டிப் போய் திரைச்சீலையை விலக்கி அதற்குப் பின்னால் பார்த்தாள்.

துரைசாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்களம் கலந்த கொழும்புத் தமிழில், "ஆள் இல்ல. பெட்டி. நீ வாசிக்கிறது, பெட்டி பாடுறது. ஹரித? சரியா?" என்றார்.

திரும்பி வருகிற வழியில் அக்கா விரல்களால் காற்றில் வாசித்துக்கொண்டே வந்தாள். பத்தாம் நம்பர் தேயிலை மலைக்குக் கீழே வந்ததும் நின்று, "நம்ம கோயில்ல எத்தன பேரு பாடுறோம்?" என்று கேட்டாள். பதினொரு பேர், அதில் ஏழு பேருக்கு இருமல் என்றேன். "கடைசிச் சரணத்துல அந்தப் பொட்டிய சேத்துக்குவேன். அப்பப் பாரு" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு ‘ஆ’ பெட்டி என்று பேர்.

லெந்து முழுக்க அக்கா பின்னேரங்களில் கோயிலில் வாசித்தாள். நீங்களும் நானும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருப்போம். கடைசிச் சரணம் வரும்போது அவள் வேகத்தைக் குறைத்து, நாலு தட்டு நிறுத்தி, பிறகு இல்லாத குரல்களுக்கு இடம் விட்டு வாசிப்பாள். நாம் அந்த இடத்தில் "ஆ" என்று கத்தி ஓடிவிடுவோம். யாருக்கு அடி விழுந்தது என்பதை நான் இங்கே எழுதவில்லை.

‘ஆ’ பெட்டி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பகலில்தான் வந்து சேர்ந்தது. அதனுடன் ஒரு கடதாசி. பியானோ, பிடில் பெட்டி, ‘ஆ’ பெட்டி மூன்றையும் கட்டம் கட்டமாக வரைந்து, வயர் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. துரையும் துரைசாணியும் அன்று காலையே புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

மாட்டுகிற வேலை அப்பாவுடையது. தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்போம். அங்கே கரண்ட் வேலை பார்த்தவர் அவர். மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து அவருக்குக் காது பாதி மந்தம். ஆங்கிலம் வாசிக்க வராது. ஐயர் பெரிய ஐயரை அழைத்து வர டவுனுக்குப் போயிருந்தார். அக்கா படித்ததோ ஐந்தாம் வகுப்பு வரை. ஆக, அந்தக் கோயிலில் ஆங்கிலம் தெரிந்த ஒரே மேதை நான்தான். வகுப்பில் ஆங்கில வாசிப்புக்குப் பரிசு வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நடையே மாறியிருந்த காலம்.

பெட்டியின் முதுகில் மூன்று வட்டத் துளைகள் வரிசையாக இருந்தன. வயரின் நுனியில் ஐந்து பல். அப்பா டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டே ஓடலையே, எப்புடிப் பாடும்?" என்று முணுமுணுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளே, இந்த ஓட்டைக்கு என்னா எழுதியிருக்கு?"

"இன்."

"இது?"

"அவுட்."

"இந்த மூணாவது? கடதாசியிலயும் அதே எழுத்துத்தான் இருக்கு. பிடில் பொட்டியில இந்த ஓட்டையிலருந்துதான் அடுத்த பொட்டிக்கி கோடு போட்டிருக்காங்க."

குனிந்து பார்த்தேன். டி, எச், ஆர், யு. நாலு எழுத்து. எங்கள் பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பரிசு வாங்கிய பிள்ளை எப்படி அப்படிச் சொல்லும்? எழுத்தைக் கூட்டி, "துரு" என்றேன்.

"என்னாது?"

"துரு, ப்பா."

"தொரையா?"

அந்த ஒரு நொடியைத்தான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். துரு என்றால் இரும்பில் பிடிப்பது. பெட்டியில் அதை எதற்கு எழுதப் போகிறார்கள்? துரை என்றால் பொருள் இருக்கிறது. பெட்டியே துரை வீட்டுப் பெட்டி. அப்பா சொன்னதே சரியாக இருக்கும் என்று எனக்கும் பட்டது.

"ஆமாப்பா. தொரை."

அப்பா அந்தத் துளையிலிருந்து கையை எடுத்துவிட்டார். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஸ்டோரில் துரை கை கழுவுவதற்கென்று ஒரு பைப் இருந்தது. துரை மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. பதினெட்டு வருஷத்தில் அப்பா ஒரு நாள்கூட அந்தப் பைப்பைத் திறந்ததில்லை. கை நிறைய கிரீஸோடு வாய்க்கால் வரை நடந்து போய்க் கழுவிவிட்டு வருவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை; தடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

"அதான் பாரு" என்று எங்களுக்கு விளக்கினார். "பங்களாவுல இருந்தப்ப தொரை ஓட்டையில குத்தியிருக்காங்க. அதத்தான் கடதாசியில எழுதியிருக்கு. இப்ப இது நம்ம கோயில் பொட்டி. நமக்கு அவுட்டு. இங்கருந்து வெளிய போறது அவுட்டு, அங்க உள்ள போறது இன்னு. தண்ணிப் பைப்பு மாதிரிதானே?"

எவ்வளவு ஒழுங்கான யோசனை! எனக்குப் பெருமையாக இருந்தது. பியானோவின் அவுட்டிலிருந்து பிடில் பெட்டியின் இன்னுக்கு ஒரு வயர். பிடில் பெட்டியின் அவுட்டிலிருந்து ‘ஆ’ பெட்டியின் இன்னுக்கு இன்னொரு வயர். ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களையும் மாட்டி, கரண்ட் கொடுத்ததும் ‘ஆ’ பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா கைகொட்டினாள். அப்பா ஸ்பீக்கரைச் சரி செய்துகொண்டிருந்தபோது, பெட்டியின் முகத்தில் இருந்த பித்தான்களை எல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். இலக்கங்கள் மாறி மாறி வந்தன. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வாசித்துப் பார்க்க அவள் பியானோவின் முன் உட்காரவும் இடி இறங்கவும் சரியாக இருந்தது. சித்திரைக்கு முந்தின மழை நமக்குத் தெரியாததா? விளக்குகள் இரண்டு தரம் சிமிட்டி அணைந்தன. ஸ்டோரிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்து அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா எதையும் கழற்றாமல் அப்படியே ஓடினார். கரண்ட் மறுநாள் காலையில்தான் வந்தது. கடதாசியை நான் என் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். துரைசாணியின் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. பெரிய ஐயர் முன்னால், பக்கத்தில் நம் ஐயர். அடுத்த நாற்காலியில் டீமேக்கர் ஐயா. அவர் சபைக்குச் செயலாளர். ஸ்டோரில் அப்பாவுக்கு மேலதிகாரி. அக்கா அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். பியானோ பேசியது, பிடில் பேசியது. பெரிய ஐயர் தலையை ஆட்டிக் கேட்டார். கடைசிச் சரணம் வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து, நாலு தட்டு நிறுத்தி, ‘ஆ’ பெட்டியின் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பிவிட்டுக் கட்டையை அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை. பிடில் மட்டும் மெலிதாக இழுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிகிறது, பெட்டி பாடவில்லை. அவள் மறுபடி அழுத்தினாள். குமிழை முடிவு வரை திருப்பினாள். பாட்டுக்குழு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருவர் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் இழுக்க, நாம் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டோம். ஆம், நானும்தான் சிரித்தேன். அக்கா பாட்டை முடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் டீமேக்கர் ஐயா எல்லாரும் கேட்கவே சொன்னார்: "பங்களாவுல நல்லாத்தானே பாடுச்சு. இந்தப் புள்ளதான் கண்ட பித்தானையும் நோண்டி கெடுத்துருச்சு. இனி பியானோவுலயும் யாரும் கைய வைக்க வேணாம்."

அப்பா அங்கேதான் நின்றார். வயர்களைத் திரும்பப் பார்க்கிறேன் என்று ஒரு அடி முன்னால் வைத்தார். "போதும், விடு. இருக்கிறதயும் கெடுத்துராத" என்றார் டீமேக்கர் ஐயா. அப்பா வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது அப்பா மேல் கோபம் வந்தது. மறுநாள் காலை பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பெரட்டுக்குப் போய் அதே மனிதர் முன்னால் நிற்க வேண்டியவர் அவர் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அம்மா மட்டும் வாயைத் திறந்தார். "பொட்டி பாடலன்னா போகட்டும்ங்கய்யா. எம்புள்ள வாசிச்சதக் கேட்டீங்கள்ல?" என்று நேராகப் பெரிய ஐயரிடம் கேட்டார். நல்ல மனிதர். அக்காவின் தலையில் கை வைத்து, "நல்லா வாசிக்கிறா. இன்னும் கொஞ்சம் பழகட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். பியானோவைத் தொடக் கூடாதென்று சொல்லிவிட்ட பிறகு, எலி கடித்த ஆர்மோனியத்தைத் தவிர எதில் பழகுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அக்காவின் பேர் பதிந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, அம்மாவின் தேயிலை நிரைக்கு அடுத்த நிரையில் ஏறினாள். அன்று பின்னேரம் அவள் விரல்களில் கொழுந்துக் கறை ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

‘ஆ’ பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்தப் போவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை. ஒரு வருஷம் அலுமாரியில் கிடந்தது. பிறகு இடத்தை அடைக்கிறது என்று அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். எங்கள் லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. அதனால் அது குப்பி விளக்கு வைக்கும் பலகையானது. அப்பா சனிக்கிழமைதோறும் அதை ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடைப்பார். வீட்டில் சாமி படத்தைக்கூட அப்படித் துடைத்தவரில்லை. கோயிலில் பியானோ மூன்று மழைக்காலம் தாக்குப்பிடித்து, பின்னர் ஊமையானது. கடதாசியை வைத்திருந்த பாட்டுப் புத்தகத்தை நான் எங்கேயோ தொலைத்தேன். அந்த நாலு எழுத்தை நான் தப்பாக வாசித்தேனோ என்ற சந்தேகத்தை மட்டும் தொலைக்க முடியவில்லை.

அக்கா போயிருக்க வேண்டிய விடுதிக்கு நாலு வருஷம் கழித்து நான் போனேன். படித்தேன். ஆங்கில டீச்சரே ஆனேன், வேடிக்கையைப் பாருங்கள். த்ரூ என்றால் ஒன்றன் ஊடாக என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது நீட்டி எழுதுகிற சொல். அந்தக் குட்டை எழுத்தை மறுபடி பார்க்கும் வேலை எனக்கு வரவில்லை.

வந்தது போன மாதம். நான் இப்போது ஹட்டனில் மகளோடு இருக்கிறேன். அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லித்தருகிறாள். அவளிடம் ஒரு டிஜிட்டல் பியானோவும் ஒரு பெட்டியும் இருக்கின்றன. யாரோ விற்ற இன்னொரு பழைய பெட்டியை வாங்கி வந்து, மூன்றையும் இணைக்கப் பார்த்தாள். போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். பெட்டியின் முதுகில் அதே மூன்று துளைகள். மூன்றாவதில் அதே நாலு எழுத்து.

"அது என்னாடி ஓட்டை?" என்றேன்.

"த்ரூ, ம்மா. இந்த வயர்ல சத்தம் போகாது. எந்தக் கட்டைய எவ்ளோ அழுத்தி அமுக்குனோம்ங்கிற சேதிதான் போகும். நடுவுல இருக்கிற பெட்டி, தனக்கு வந்த சேதிய வந்தபடியே அடுத்த பெட்டிக்குக் கொடுக்கணும்னா த்ரூலதான் குத்தணும்."

"அவுட்ல குத்துனா?"

"அடுத்தது ஊமையாத்தான் இருக்கும். அது கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோய் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு தலவாக்கலை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். போன வருஷம்தான் வேலையிலிருந்து நின்றாள். இப்போது அவள் வீட்டில் கரண்ட், டீவி எல்லாம் உண்டு. ‘ஆ’ பெட்டி டீவிக்கு அடியில் பலகையாக இருந்தது. ஏன் என்று கேட்காமல், நான் சொன்னேன் என்பதற்காக, அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னுடன் ஹட்டனுக்கு வந்தாள். மகள் அதைத் திறந்து தூசி தட்டினாள். உள்ளே மூன்று பல்லி முட்டை ஓடுகள் இருந்தன. "பெரியம்மா, நாப்பது வருஷம் ஆச்சு. பாடுமான்னு சொல்ல முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

அது பாடுகிறதோ இல்லையோ, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கடதாசி, துரு, தொரை, எல்லாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சாகறதுக்கு முன்னால என்னா சொன்னாரு தெரியுமா?" என்றாள். "இடி நேரத்துல வயரப் புடுங்காம ஸ்டோருக்கு ஓடிட்டேன், பொட்டிய நான்தான் எரிச்சுட்டேன், நீ பழி சொமந்துட்டன்னு அழுதாரு. இல்லப்பா, நான் எல்லாப் பித்தானையும் அமுக்குனேன், டீமேக்கரய்யா சொன்னது நெசந்தான்னு சொன்னேன். அவரு நம்பல."

"நீயாக்கா அப்புடி நெனச்ச?"

"வேற எப்புடி நெனைக்கச் சொல்ற? நான்தானே அமுக்குனேன். அதுனாலதான்டி ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அடுத்த வருஷம் ஐயரம்மா கூப்பிட்டப்பவும் போகல. கெடுத்த கை, மறுபடி எப்புடித் தொடும்?"

ஒரே வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நான்தான், நான்தான் என்று நினைத்திருக்கிறோம். அவர்கள் இருவராவது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் அதையும் செய்யவில்லை.

மகள் வயர்களை எடுத்தாள். முதலில் அப்பா மாட்டியது போலவே, அவுட்டிலிருந்து மாட்டச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா ஒரு கட்டையை அழுத்தினாள். மகளின் பெட்டி மட்டும் பேசியது. ‘ஆ’ பெட்டி வாயைத் திறக்கவில்லை. அக்கா அன்று போலவே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப மூணாவதுல" என்றேன்.

மகள் குனிந்தாள். அக்கா அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள். "இரு. நான் குத்துறேன்." வயர் நுனியைக் கையில் வாங்கி, அந்த மூன்றாவது துளையின் முன்னால் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் பழைய குறும்பு.

"ஏன்டி, தொரை ஓட்டையாச்சே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. குத்து."

ஐந்து பல்லும் சரியாக இறங்கும்வரை திருப்பித் திருப்பி அழுத்தினாள். மகள் பெட்டியின் பித்தான்களில் ஒன்றிரண்டை அமுக்கி, ‘ஆ’ குரலின் இலக்கத்தைத் தேடி வைத்தாள்; பித்தான் குரலைத்தான் மாற்றும், பெட்டியைக் கெடுக்காது என்றாள். அக்கா உட்கார்ந்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தடித்துப்போன விரல்கள் கடைசிச் சரணத்தை நினைவுபடுத்திக்கொண்டு, ஊமைக் கட்டைகள் மூன்றையும் இன்னமும் தாண்டி, மெதுவாக வந்தன. நாலு தட்டு நிறுத்தினாள். அழுத்தினாள்.

பெட்டி பாடியது. ஆணும் பெண்ணுமாக, ஒரு கூட்டம், மூச்சு விடாமல். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, நமக்கும்தான் இருக்கிறது. அக்கா பின்னால் திரும்பி ஜன்னல் திரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்து, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "அப்ப நான் கெடுக்கல." கையை எடுக்கவேயில்லை. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழ மட்டும் செய்தேன்.

தோழிகளே, அன்று அந்தக் கோயிலில் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். உங்கள் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், இன்று பூண்டுலோயாவிலும் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். என்றாவது நம் தோட்டத்துப் பேச்சு வந்து, பெட்டி பாடாத ஈஸ்டர் என்று யாராவது சிரித்தால், நான் எழுதியதை வந்தபடியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் அக்கா அந்தப் பெட்டியைக் கெடுக்கவில்லை.